ஏரித் துளியிலிருந்து லத்தீன் பெயர் வரை

நன்னீர் ஏரியின் ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் ஏறத்தாழப் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் மிதக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் முறையான பெயர் கிடையாது. ஒரு பாக்டீரியாவுக்கு அப்படிப் பெயர் வாங்கித் தரும் வேலையை இத்துறையினர் ‘சிற்றினத்தை விவரித்தல்’ என்கிறார்கள். உயிரி கண்ணில் பட்டால் மட்டும் போதாது. அதைத் தனியே பிரித்து வளர்க்க வேண்டும். நெருங்கிய உறவுகளோடு ஒப்பிட வேண்டும். யார் கேட்டாலும் கிடைக்கும்படி உயிருடன் சேமிப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். லத்தீன் இலக்கணத்துக்கு உட்பட்ட பெயரோடு அச்சில் வெளியிட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகே அது சிற்றினமாகக் கணக்கில் ஏறும். ஒரு பாக்டீரியாவுக்கு இதெல்லாம் முடியச் சில மாதங்கள் ஆகலாம், சில ஆண்டுகளும் ஆகலாம்.

இந்த வேலையை விளக்க ஏற்ற எடுத்துக்காட்டு பாலிநியூக்ளியோபாக்டர் என்னும் பேரினம். ஏரி, குளம், மழைக்குட்டை என்று தேங்கிய நன்னீரில் பரவலாக வாழும் பாக்டீரியா இது. ஆஸ்திரியாவில் மோண்ட்ஸே ஏரிக்கரையில் உள்ள நீரியல் ஆய்வு நிலையத்தில் மார்ட்டின் ஹானும் அவருடைய குழுவினரும் இதன் சிற்றினங்களை ஒவ்வொன்றாக விவரித்துள்ளனர். இத்தொழிலின் சிக்கல்கள் அநேகமாக எல்லாமே இந்த ஒரு பேரினத்தின் வரலாற்றில் வந்துபோகின்றன.

விதி

பாக்டீரியாக்களின் பெயர்களை ஆள்வது புரோகேரியோட்டுகளுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பு. அதன்படி, பெயர்களின் முன்னுரிமைக் கணக்கு 1980 ஜனவரி 1 அன்று புதிதாகத் தொடங்குகிறது. அதுவரை நூற்றாண்டுக் காலமாகக் குவிந்திருந்த பல்லாயிரம் பெயர்கள் சலிக்கப்பட்டு, ஏறத்தாழ 2,300 பெயர்கள் மட்டும் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இடம்பெற்றன. எந்த உயிரியைக் குறிக்கிறது என்று தெரியாமலே பல பெயர்கள் உலவியதுதான் இப்படிச் சலித்ததற்குக் காரணம்.

ஒவ்வொரு சிற்றினப் பெயரும் ஒரு மாதிரித் திரிபோடு பிணைக்கப்பட்டிருக்கும். திரிபு என்பது ஒரே செல்லிலிருந்து பெருகிய தூய வளர்ப்பு. ஆய்வகப் பேச்சில் அதை ‘ஸ்ட்ரெயின்’ என்றே சொல்வார்கள். தாவரவியலில் உலர்த்தி ஒட்டிய செடி எந்தப் பணியைச் செய்கிறதோ அதை இங்கே மாதிரித் திரிபு செய்கிறது. உலர்செடி அலமாரியில் உயிரில்லாமல் இருக்கும். மாதிரித் திரிபோ உயிரோடு இருந்தாக வேண்டும். பின்னால் வரும் ஒவ்வொரு படியின் கடுமைக்கும் காரணம் இந்த நிபந்தனைதான்.

தண்ணீர் எடுத்தல்

வேலை ஏரிக்கரையில் தொடங்குகிறது. ஆட்டோகிளேவ் கருவியில் அழுத்த ஆவியால் தூய்மையாக்கிய புட்டியை ஏரி நீரிலேயே இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, மேற்பரப்பில் மிதக்கும் ஏடு உள்ளே புகாதபடி சற்று ஆழத்தில் மூழ்கடித்து நிரப்புவது வழக்கம். நாள், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, ஆழம், நீரின் வெப்பம், கார அமில அளவு, மின்கடத்துத் திறன் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்வார்கள். அறைக்குத் திரும்பிய பின் நினைவிலிருந்து எழுதிய குறிப்பு, பிற்பாடு கட்டுரை எழுதும்போது கைகொடுக்காது. மாதிரித் திரிபு எங்கிருந்து கிடைத்தது என்பது விவரிப்பின் கட்டாயப் பகுதி. ஏரியின் பெயர் மட்டும் இருந்தால் அது முழுமையாகாது.

புட்டிகளை இருட்டில், பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, இயன்றால் ஒரே நாளுக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். மூடிய புட்டிக்குள் ஏரியின் சமநிலை விரைவில் குலைந்துவிடும். கண்ணாடிச் சுவரில் ஒட்டி வளரும் சில வகைகள் பெருகும். ஏரியில் எண்ணிக்கையில் முன்நின்றவை பின்தங்கிப் போகும். இரண்டு நாள் கழிந்த புட்டியிலிருந்து கிடைக்கும் பாக்டீரியா ஏரியைவிடப் புட்டியைப் பற்றியே அதிகம் சொல்லும்.

அனுமதியும் இந்தக் கட்டத்திலேயே வாங்க வேண்டியது. உயிர்வளங்களைப் பெறுவதையும் பயன்பகிர்வையும் பற்றிய நகோயா உடன்பாடு 2014-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் உண்டு; அதைச் செயல்படுத்தும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. காகிதம் இல்லாமல் எடுத்த தண்ணீரிலிருந்து எவ்வளவு அரிய பாக்டீரியா கிடைத்தாலும், வெளிநாட்டுச் சேமிப்பகத்தின் வாசலில் அது நின்றுவிடும்.

வளர மறுப்பவை

நுண்ணோக்கியில் எண்ணினால் பத்து லட்சம்; அதே தண்ணீரை அகார் தட்டில் பரப்பினால் முளைக்கும் காலனிகள் அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஸ்டேலி, கொனோப்கா ஆகிய இருவர் 1985-இல் இந்த இடைவெளிக்குத் ‘தட்டு எண்ணிக்கையின் பெரும் முரண்பாடு’ என்ற பொருளில் பெயரிட்டார்கள். அகார் தட்டு 1880-களில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் நோய்க்கிருமிகளுக்காக உருவானது. இறைச்சிச் சாறும் பெப்டோனும் நிறைந்த அந்த விருந்து, குடலிலும் இரத்தத்திலும் வாழும் கிருமிகளுக்கு ஏற்றது. ஏரி பாக்டீரியாக்களோ ஒரு லிட்டரில் சில மில்லிகிராம் கரிமப் பொருளை வைத்துக் காலம் தள்ளுபவை. விருந்தைக் கண்டதும் அவற்றில் பல செத்துப்போகின்றன. எஞ்சியவற்றை வேகமாக வளரும் சில வகைகள் மூடி மறைத்துவிடுகின்றன.

வேகமானவற்றை விலக்குவதற்கு ஹான் குழுவினர் 2004-இல் வெளியிட்ட வழி எளிமையானது. ஏரி நீரை 0.2 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகட்டியில் வடிப்பார்கள். மருந்தையும் வளர்ப்பு ஊடகத்தையும் கிருமி நீக்க உலகெங்கும் பயன்படும் வடிகட்டி இதுதான். இதைத் தாண்டி வந்த நீர் தூயது என்பது பாடப்புத்தக நம்பிக்கை. மிகச் சிறிய ஏரி பாக்டீரியாக்கள் இந்தத் துளைகளுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்துவிடுகின்றன. பெரிய, வேகமான வகைகள் மேலேயே தங்கிவிடும். வடிந்த நீருக்கு முதலில் மிகச் சிறிதளவும், பின்னர் நாளுக்கு நாள் சற்றுக் கூடுதலாகவும் சத்துக் கொடுத்து, உயிரிகளை மெல்லப் பழக்கிய பிறகே தட்டில் பரப்புகிறார்கள். நியூட்ரியன்ட் பிராத், சோயா பெப்டோன், ஈஸ்ட் சாறு மூன்றையும் சம அளவில் கலந்த ஊடகம் இதற்குப் பயன்பட்டது. பாலிநியூக்ளியோபாக்டர் பலவும் சிறிய ஆக்டினோபாக்டீரியா சிலவும் இந்த வழியில்தான் கைக்குக் கிட்டின. ஏரி நீரை வடிகட்டி ஊடகம் செய்பவர்கள் வடிகட்டியை மட்டும் நம்பாமல் ஆட்டோகிளேவிலும் வைக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இதிலிருந்தே வந்தது.

ஊடகம் தயாரிப்பதிலும் ஒரு பொறி உண்டு. அகாரையும் பாஸ்பேட் உப்பையும் ஒரே குடுவையில் ஆட்டோகிளேவ் செய்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். வேகமாக வளரும் வகைகள் அதைத் தாங்கிக்கொள்ளும். மெலிந்த ஏரி வகைகளுக்கு அது நஞ்சு. இரண்டையும் தனித்தனியே வேகவைத்து, ஆறிய பின் கலந்தால் காலனிகளின் எண்ணிக்கை கூடுகிறது. தென்கொரியாவின் சோயாங் ஏரியில் வேலை செய்த குழு 2019-இல் இதே திசையில் இன்னொரு படி ஏறியது. நன்னீரில் எண்ணிக்கையில் முன்நிற்கும், பல்லாண்டுகளாக எவர் கைக்கும் நிலையாக அகப்படாமல் இருந்த ஓர் ஆக்டினோபாக்டீரியா வகை, பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியை ஊடகத்தில் சேர்த்ததும் தொடர்ந்து வளர்ந்தது.

இதற்கெல்லாம் மேல் தேவைப்படுவது பொறுமை. குடல் பாக்டீரியா ஓர் இரவில் காலனி கட்டும். ஏரி பாக்டீரியாவுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம், சில வேளை அதற்கும் மேல் ஆகும். அதற்குள் தட்டு காய்ந்துவிடாதபடி விளிம்பில் பாராஃபிலிம் நாடாவைச் சுற்றுவார்கள். அறை வெப்பத்திலோ அதற்குக் கீழோ வைப்பார்கள். முதல் மூன்று நாளில் எழும் பெரிய காலனிகளைத் தொடாமல் விட்டு, பின்னால் வரும் ஊசிமுனைப் புள்ளிகளை உருப்பெருக்கியில் பார்த்து எடுக்கக் கற்றுக்கொள்வதே இந்த வேலையின் முதல் பாடம்.

ஒற்றை செல்லுக்கான கணக்கு

தட்டில் வளராதவற்றுக்கு இன்னொரு வழி, அழியும் எல்லை வரை நீர்த்தல். தண்ணீரில் உள்ள செல்களை எண்ணி, கிருமி நீக்கிய ஏரி நீரால் நீர்த்து, 96 குழித் தட்டில் ஊற்றுவார்கள். குழி ஒன்றுக்குச் சராசரி அரை செல் விழும்படி நீர்த்தால், நிகழ்தகவுக் கணக்குப்படி சுமார் 58 குழிகள் வெறுமையாக இருக்கும். 29 குழிகளில் ஒரே ஒரு செல் இருக்கும். 9 குழிகளில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். எனவே வளர்ச்சி தெரியும் குழிகளில் நான்கில் மூன்று தூயவையாக இருக்க வாய்ப்புண்டு. எல்லாக் குழியிலும் வளர்ச்சி தெரிந்தால் புதிதாகச் சேர்ந்தவர் மகிழ்வார். அனுபவப்பட்டவர் தட்டைக் கொட்டிவிட்டு மறுபடி நீர்ப்பார். எல்லாம் வளர்ந்த தட்டில் எதையும் தூயது என்று நம்ப வழியில்லை.

இந்த வளர்ப்புகள் கலங்குவதும் இல்லை. ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் செல்கள் இருந்தாலும் நீர் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். கலங்கல் தென்பட அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். ஆகவே டி.என்.ஏ.வோடு ஒட்டி ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, ஒளிர்வு நுண்ணோக்கியிலோ செல் எண்ணும் கருவியிலோ பார்த்தே வளர்ச்சியை முடிவு செய்கிறார்கள்.

தூய்மை

கிடைத்த காலனியைப் புதிய தட்டில் கோடிழுத்துப் பரப்பி, தனியாக நிற்கும் காலனியை எடுத்து, மறுபடி கோடிழுப்பார்கள். மூன்று முறை என்பது வழக்கம். ஒன்றையொன்று சார்ந்து வளரும் ஏரி வகைகளுக்கு அது போதாமல் போவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும் காலனிக்குள் இரண்டு வகைகள் பல மாதம் ஒளிந்திருக்க முடியும்.

அடுத்து வருவது 16எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணு. எல்லாப் பாக்டீரியாவிலும் இருக்கும் இதன் நீளம் சுமார் 1,500 எழுத்துகள். கார்ல் வூஸ் 1977-இல் உயிர்களின் பெரும்பிரிவுகளைத் திருத்தி எழுதியதும் இந்த மூலக்கூற்றின் துணையால்தான். இதைப் பி.சி.ஆர். முறையில் பெருக்கி வரிசையைப் படித்தால் உறவு தெரியும், தூய்மையும் தெரியும். வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு சிகரங்கள் எழுந்தால் வளர்ப்பில் இரண்டு உயிரிகள் கலந்திருக்கின்றன என்ற ஐயம் வர வேண்டும். ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்று விடை வந்தால் அது ஏரியிலிருந்து வந்ததாக இருக்காது; வேலை செய்தவரின் தோலிலிருந்து வந்திருக்கும்.

தூய்மை உறுதியான அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கிளிசரால் கலந்து, குறைந்தது நான்கைந்து குப்பிகளில், மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் வைக்க வேண்டும். சில நாள் கழித்து ஒரு குப்பியை எடுத்து, மீண்டும் வளர்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். ஏரி வகைகள் பல உறைநிலையைத் தாங்குவதில்லை. மாற்றி மாற்றித் தட்டிலேயே வைத்திருந்த திரிபு ஒரு நீண்ட விடுமுறையில் செத்துப்போனால், பாதி எழுதிய கட்டுரையும் அதோடு முடிந்தது.

ஒரே மரபணு போதாதபோது

வரிசை கையில் வந்ததும் தரவுத்தளத்தில் ஒப்பிடுவார்கள். பொதுத் தரவுத்தளத்தில் தேடினால் மேலே வருபவை பெரும்பாலும் எவரும் வளர்த்திராத, பெயரற்ற வரிசைகள். சிற்றினம் புதியதா என்று சொல்ல அவை உதவா. பெயர் பெற்ற மாதிரித் திரிபுகளோடு மட்டும் ஒப்பிட வேண்டும். 16எஸ் ஒற்றுமை 97 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வேறு சிற்றினம் என்ற அளவுகோல் 1994-இல் வந்தது. பின்னர் அந்த எல்லை 98.7 விழுக்காட்டுக்கு அருகே உயர்ந்தது. அதற்குக் கீழே இருந்தால் புதியது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். மேலே இருந்தால் பழையது என்று சொல்ல முடியாது. அளவுகோலின் இந்த ஒருதலைத் தன்மையைப் பாலிநியூக்ளியோபாக்டரின் கதை தெளிவாகக் காட்டுகிறது.

இந்தப் பேரினத்தின் முதல் சிற்றினம் தனியாக வளர்க்கப்பட்டதே இல்லை. நன்னீரில் வாழும் யூப்ளோட்டஸ் என்னும் ஒற்றைச் செல் உயிரியின் உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா அது. பெனிசிலின் கொடுத்து அதை ஒழித்தால் யூப்ளோட்டஸ் பெருகுவதை நிறுத்தி மடிந்துவிடும். ஹெக்மான், ஷ்மிட் ஆகிய இருவர் 1987-இல் அதற்குப் பாலிநியூக்ளியோபாக்டர் நெசஸ்ஸாரியஸ் என்று பெயரிட்டனர். ஒரே செல்லுக்குள் பல டி.என்.ஏ. திரள்கள் தெரிந்ததால் பேரினப் பெயர். விருந்தோம்பிக்கு இன்றியமையாதது என்பதால் சிற்றினப் பெயர்.

பின்னர், 2003-இல், மூன்று தட்பவெப்ப மண்டலங்களின் நன்னீர்களிலிருந்து ஹான் தனித்து வாழும் திரிபுகளை வளர்த்தெடுத்தார். அவற்றின் 16எஸ் வரிசை குடியிருப்புப் பாக்டீரியாவோடு 99 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனது. ஒன்று இன்னொரு உயிரியின் உடலைவிட்டு வெளியே வாழ முடியாதது; மற்றது ஏரியில் தன்னிச்சையாக மிதப்பது. ஆனாலும் வரிசையில் வேறுபாடு மிகச் சிறியது. 2009-இல் இரண்டையும் ஒரே சிற்றினத்தின் இரு துணைச்சிற்றினங்களாக வைத்தார்கள். தனித்து வாழ்வதற்கு அசிம்பயாட்டிகஸ், அதாவது கூட்டுவாழ்வு இல்லாதது என்ற பெயர் கிடைத்தது. ஆல்ப்ஸ் மலையில் ஆழமற்ற, அமிலத்தன்மையுள்ள ஒரு சிறு குட்டையிலிருந்து வந்தது அதன் மாதிரித் திரிபு.

அடுத்த ஆண்டு வெளியான ஆய்வொன்று இந்த ‘ஒரே’ துணைச்சிற்றினத்தை 137 ஏரி, குளம், குட்டைகளில் தேடியது. ஆழம் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவான குட்டையும் அதில் உண்டு, 171 மீட்டர் ஏரியும் உண்டு. கார அமில அளவு 3.9 முதல் 8.5 வரை இருந்தது. எல்லாவற்றிலும் அது கிடைத்தது. மொத்தப் பாக்டீரியாவில் சராசரி 14.5 விழுக்காடும், ஓரிடத்தில் 67 விழுக்காடும் அதுவாகவே இருந்தது. இவ்வளவு மாறுபட்ட நீர்நிலைகளில் ஒரே உயிரி எப்படி வாழ முடியும் என்ற கேள்வி அதிலிருந்து எழுந்தது.

ஜீனோம் சொன்ன விடை

கேள்விக்கு விடை முழு ஜீனோமில் இருந்தது. இரண்டு ஜீனோம்களின் பொதுப் பகுதிகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுச் சராசரி ஒற்றுமையைக் கணக்கிடுவார்கள். 95 முதல் 96 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அவை வெவ்வேறு சிற்றினங்கள். 1987-இல் வகுத்த பழைய அளவுகோல் டி.என்.ஏ. இழைகளை ஒன்றோடொன்று பிணையச் செய்து 70 விழுக்காட்டை எல்லையாக வைத்தது. இப்போது அதையும் கணினியிலேயே மதிப்பிடுகிறார்கள். 16எஸ்-இல் 99 விழுக்காட்டுக்கு மேல் ஒத்த பாலிநியூக்ளியோபாக்டர் திரிபுகள் ஜீனோம் ஒப்பீட்டில் இந்த எல்லைக்கு வெகு கீழே பிரிந்து நின்றன. 2016-இல் நான்கு திரிபுகள் நான்கு சிற்றினங்களாயின. அசிம்பயாட்டிகஸ் தனிச் சிற்றினமாக உயர்ந்தது. துராக்வே, யாங்ட்சென்சிஸ், சினென்சிஸ் ஆகிய மூன்றும் புதிதாகச் சேர்ந்தன. 137 நீர்நிலைகளிலும் கிடைத்த ‘ஒன்று’ உண்மையில் வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாத பல சிற்றினங்களின் கூட்டம்.

உறவின் தன்மையையும் ஜீனோம் விளக்கியது. அசிம்பயாட்டிகஸின் ஜீனோம் சுமார் 21.6 லட்சம் எழுத்துகள். குடலில் வாழும் ஈ. கோலியில் பாதிகூட இல்லை. யூப்ளோட்டஸுக்குள் அடங்கிய உறவினத்தினுடையது இன்னும் சுருங்கி 15.6 லட்சமாக இருக்கிறது. 2018 முதல் புதிய சிற்றின விவரிப்புகளுக்கு ஜீனோம் வரிசை நடைமுறையில் கட்டாயமாகிவிட்டது. நெருங்கிய உறவு ஒன்றின் மாதிரித் திரிபுக்கு ஜீனோம் இல்லையென்றால் அதையும் சேர்த்து வரிசைப்படுத்தும் செலவு புதியதை விவரிப்பவர் தலையில்தான் விழும்.

குணங்களைச் சோதித்தல்

ஜீனோம் வந்த பிறகும் உயிரியை உயிரியாகவே சோதிக்க வேண்டும். செல்லின் வடிவம், அளவு, நீந்துகிறதா, கிராம் சாயம், ஆக்சிஜன் தேவை, வளரும் வெப்ப எல்லை, கார அமில எல்லை, உப்புத் தாங்கும் அளவு, உண்ணும் கரிமப் பொருட்கள் எல்லாம் விவரிப்பில் வரும். செல் சவ்வின் கொழுப்பு அமிலங்கள், துருவக் கொழுப்புகள், சுவாசத்தில் பங்கேற்கும் குயினோன்கள் ஆகியவற்றையும் பகுப்பாய்வார்கள்.

கடை அலமாரியில் கிடைக்கும் சோதனைப் பட்டைகள் நோய்க்கிருமிகளுக்காகச் செய்தவை. மெல்ல வளரும் ஏரி பாக்டீரியாவை அவற்றில் ஊற்றினால் எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்றே வரும். அந்த ‘இல்லை’ உயிரியின் இயலாமையா, பட்டையின் பொருத்தமின்மையா என்று சொல்ல முடியாது. அதனால் நீர்த்த ஊடகத்தில் ஒவ்வொரு பொருளாகச் சேர்த்து, சேர்க்காத குடுவையோடு ஒப்பிட்டு, செல் எண்ணிக்கை கூடியதா என்று பார்ப்பதே நம்பகமான வழி. உப்புச் சோதனையிலும் படிகளை மிகச் சிறியதாக, 0.1 விழுக்காடு அளவில் வைக்க வேண்டும். பெரிய படிகளில் தொடங்கினால் முதல் படியிலேயே எல்லாம் நின்றுவிட்டு, எல்லை எங்கே என்று தெரியாமல் போகும்.

கொழுப்பு அமிலங்கள் வளர்ந்த வெப்பத்துக்கும் ஊடகத்துக்கும் ஏற்ப மாறுபவை. எனவே உறவினத்தின் மாதிரித் திரிபையும் சேமிப்பகத்திலிருந்து வரவழைத்து, புதியதோடு அருகருகே, ஒரே ஊடகத்தில், ஒரே வெப்பத்தில் வளர்த்து அளக்க வேண்டும். பழைய கட்டுரையிலிருந்து எடுத்தெழுதிய எண்களோடு ஒப்பிட்ட அட்டவணையை மதிப்பீட்டாளர்கள் திருப்பி அனுப்புவார்கள். இப்பகுப்பாய்வுக்கு ஈரமான செல்லே பல பத்து மில்லிகிராம் தேவை. கண்ணுக்குத் தெரியாத கலங்கலில் வளரும் உயிரியிலிருந்து அவ்வளவு சேர்க்கப் பல லிட்டர் ஊடகமும் பல வாரமும் ஆகும்.

விவரிப்பு ஒரே திரிபை மட்டும் நம்பியிருப்பது இத்துறையின் பழைய குறை. எந்தக் குணம் சிற்றினத்துக்குப் பொதுவானது, எது அந்த ஒரு திரிபின் தனிப்பட்ட பழக்கம் என்று அதில் தெரியாது. 2019-இல் விவரித்த பாலிநியூக்ளியோபாக்டர் பான்யூரோப்பேயஸ் இதற்கு மாறான முன்மாதிரி. ஐரோப்பாவில் வடக்கு தெற்காக 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு உள்ள ஏரிகளிலிருந்து ஆறு திரிபுகளை எடுத்து அதை விவரித்தார்கள்.

ஒப்படைத்தல்

2001 முதல், மாதிரித் திரிபை இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள குறைந்தது இரண்டு பொதுச் சேமிப்பகங்களில் வைக்க வேண்டும். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் டிஎஸ்எம்இசட், ஜப்பானில் ஜேசிஎம், பெல்ஜியத்தில் எல்எம்ஜி, இந்தியாவில் சண்டிகரின் எம்டிசிசி, புனேயின் எம்சிசி ஆகியவை இவ்வகைச் சேமிப்பகங்கள். அவை திரிபை வளர்த்து, தூய்மையைச் சோதித்து, உறைய உலர்த்தி, மீண்டும் உயிர்ப்பித்துப் பார்த்த பிறகே சான்றிதழ் தரும். கேட்கும் எவருக்கும் தடையின்றித் தர வேண்டும் என்பதும் விதி.

சாதாரணமாகத் திரிபு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் மாதங்கள்தான் இந்த வேலையின் நீண்ட இடைவெளி. மெல்ல வளரும் ஏரி வகை சேமிப்பகத்தின் வழக்கமான ஊடகத்தில் வளராமல் திரும்பி வருவது புதிதல்ல. ஊடகத்தின் செய்முறையைத் துல்லியமாக எழுதி, முடிந்தால் தயாரித்த ஊடகத்தையும் கூடவே அனுப்புவது அனுபவத்தில் கற்ற பழக்கம்.

பெயர்

பெயர் லத்தீனாகவோ லத்தீனாக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும். சிற்றின அடைமொழி பேரினப் பெயரின் பாலோடு இயைய வேண்டும். ‘பாக்டர்’ என்று முடியும் பெயர் ஆண்பால். ‘பாக்டீரியம்’ என்று முடிவது அஃறிணைப் பால். ஊர்ப்பெயரோடு சேரும் விகுதி முன்னதில் ‘என்சிஸ்’, பின்னதில் ‘என்சே’. துராக்வே என்றால் ‘கடின நீரின்’ என்று பொருள். மோண்ட்ஸே ஏரியில் கிடைத்த திரிபுக்கு அந்தப் பெயர். யாங்ட்சென்சிஸும் சினென்சிஸும் சீனத்து நதியையும் நாட்டையும் குறிப்பவை. ஜெர்மனியின் கருங்காட்டு ஏரி ஒன்றில் கிடைத்து, 2017-இல் புதிய பேரினமாக விவரிக்கப்பட்ட சில்வானிக்ரெல்லா அக்வாட்டிகாவின் பெயரில், காடு என்ற லத்தீன் சொல்லும் கருமை என்ற சொல்லும் சேர்ந்திருக்கின்றன.

ஒருவர் தன் பெயரையே சூட்டிக்கொள்வது இத்துறையில் வழக்கம் இல்லை. ஊர்ப்பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். சீனத்தின் பெயர் பெற்ற பாக்டீரியா நாளை வேறு கண்டத்தில் கிடைத்தாலும், பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக முறைப்படி வெளியான பெயரை மாற்ற விதி இடம் தராது.

வெளியீடு

விதித்தொகுப்பின் அதிகாரபூர்வ இதழில் வெளியாகும் பெயர் நேரடியாகச் செல்லுபடியாகும். வேறு இதழில் வந்தால், சேமிப்பகச் சான்றிதழ்களோடு விண்ணப்பித்து அந்த இதழின் ஏற்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும்; சேரும் வரை பெயருக்கு விதிப்படி தகுதி கிடையாது. கட்டுரையின் உயிர்ப்பகுதி கடைசியில் வரும் ஒரு பத்தி: பெயர், சொற்பிறப்பு, குணங்கள், மாதிரித் திரிபின் எண், கிடைத்த இடம், சேமிப்பக எண்கள், ஜீனோம் எண். முன்னால் உள்ள பக்கங்களெல்லாம் அந்தப் பத்திக்கான ஆதாரம்.

வளர்க்க முடியாதவற்றுக்கு 1990-களின் நடுவில் ‘கேண்டிடேட்டஸ்’ என்ற முன்னொட்டு ஏற்பாடானது. வேட்பாளர் என்று அதற்குப் பொருள். அப்பெயருக்கு முன்னுரிமை உரிமை இல்லை. ஏரிகளில் எண்ணிக்கையில் முன்நிற்கும் வகைகள் பல இன்னும் அந்த வரிசையில்தான் நிற்கின்றன. 2022-இல் ஜீனோம் வரிசையையே மாதிரியாக ஏற்கும் ‘சீக்கோட்’ என்ற தனி விதித்தொகுப்பு வந்தது. வளர்ப்பில்லாத பெயரை ஏற்கலாமா என்பதில் இத்துறை இன்றும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஜீனோமை எவரும் தரவிறக்கிப் பார்க்கலாம் என்பது ஒரு தரப்பு. வெப்பத்தை ஏற்றியும் உப்பைக் கூட்டியும் புதிய கேள்விகளைக் கேட்டுப் பார்க்க உயிருள்ள செல் வேண்டும் என்பது மறு தரப்பு.

பாலிநியூக்ளியோபாக்டர் அசிம்பயாட்டிகஸ் இரண்டாம் தரப்பின் பக்கம் நிற்கும் சான்று. முதலில் துணைச்சிற்றினமாகவும், ஏழு ஆண்டுகள் கழித்துத் தனிச் சிற்றினமாகவும் அதன் பெயர் மாறியது. திரிபு மாறவில்லை. ஆல்ப்ஸ் குட்டையிலிருந்து எடுத்த அதே பாக்டீரியா பிரவுன்ஷ்வைக் சேமிப்பகத்தில் டிஎஸ்எம் 18221 என்ற எண்ணில் இருக்கிறது; கேட்கும் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள்.